துருத்தி கிழிந்த சத்தம்

டிரையர் என்ற சொல்லை மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டு டிரையர் சத்தம் போடுகிறது என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது பெரிய உருளை ஒன்று. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று அளவில் நிதானமாக உருண்டு, சூடான காற்றில் துணியைப் புரட்டிப் புரட்டி உலர்த்துவது. உருளையைச் சுற்றி நீண்ட பெல்ட், அடியில் தாங்கும் சக்கரங்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு கப்பி. அங்கே கிறீச்சென்று கேட்டால் சக்கரமோ கப்பியோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் வீடுகளில் டிரையர் என்று பெயர் பெற்றிருப்பதோ செமி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷினின் வலது பக்கத்துச் சின்னத் தொட்டி. அதற்குச் சூடும் கிடையாது, ஊதும் காற்றும் கிடையாது. நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழன்று ஈரத்தை உதறித் தள்ளுவதுதான் அதன் வேலை. உலர்த்தி என்பதைவிடப் பிழிவான் என்று சொன்னால் பொருந்தும். முறுக்கு அச்சு என்று நினைத்துக்கொள்வார்களோ என்றுதான் தயக்கம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கட்டுரைகளைக் கொண்டுவருவது என் தொழில். ஒரே சொல் இரண்டு ஊர்களில் இரண்டு பொருள்களைக் குறிக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். அதைச் சென்ற குளிர்காலத்தில் தில்லியில், ஸ்பானரும் கையுமாக பால்கனித் தரையில் உட்கார்ந்து அனுபவிக்க நேர்ந்தது.

அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. கும்பகோணத்தில் தனியாக இருந்தவரை, இடுப்பெலும்பு முறிந்த பிறகு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். மயூர் விஹாரில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. எழுந்து நடக்க அம்மாவுக்கு ஒரு கை துணை வேண்டும். இரவில் அந்தக் கை வந்து சேர்வதற்குள் சில நாள் தாமதமாகிவிடும், விரிப்பு நனைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு விரிப்புகள், மோசமான நாளில் நான்கு.

மே மாதத்து தில்லியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கொடியின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைக்குப் போவதற்குள் முதல் துணி மொடமொடவென்று காய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை கதை வேறு. பனிமூட்டம் விலகப் பகல் பதினொரு மணி ஆகும். விலகினாலும் சூரியன் பெயருக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகும். கையால் பிழிந்து போட்ட கனத்த பருத்தி விரிப்பு இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகவே தொங்கி, மூன்றாம் நாள் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு மாதமும் எங்கள் குடும்பம் டிரையரை நம்பித்தான் ஓடுகிறது.

அந்த டிரையர்தான் கத்த ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். ஒரு வாரத்தில் அது கரகரப்பாகி, பிறகு தகரத்தைத் தரையில் தேய்த்து இழுப்பது போலாயிற்று. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. மெஷின் பால்கனியில் இருக்கிறது; பால்கனிக்கு நேர் கீழே கீழ் வீட்டின் படுக்கையறை.

ஒரு நாள் காலை கீழ் வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி மேலே வந்தார். சண்டைக்கு வரவில்லை. அவர் பண்பானவர். "பாபிஜி, உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ராத்திரி மூணு தடவை மெஷின் ஓடிச்சே" என்று அக்கறையோடு விசாரித்தார். உள்ளறையிலிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. அம்மாவுக்கு ஹிந்தி பேச வராது. ஆனால் தன்னைப் பற்றிப் பேசினால் எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

அன்றிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். மாலை நாலு மணிக்கு மேல் டம்ளரைத் தொடுவதே இல்லை. இரவு மாத்திரையை ஒரே ஒரு மிடறில் விழுங்கினார். ஏன் என்று கேட்டதற்குக் குளிருக்குத் தாகம் எடுக்கவில்லை என்றார். ஒரு இரவு நான் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் நிஜம் வெளியே வந்தது. "இப்பப் போடாதே, காலைல போட்டுக்கலாம். அது கத்துற கத்துல மூணு மாடிக்கும் தெரிஞ்சு போறது, நான் நனைச்சுட்டேன்னு" என்றார்.

மூத்திரப் பையில் தொற்று வரக் கூடாது, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு இயந்திரத்தின் இரைச்சல் ஒரு மனுஷியின் தண்ணீர் டம்ளர்வரை எட்டியிருந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

அந்த மெஷினைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார், பத்து நொடி ஓடவிட்டுக் கேட்டார். பின்பக்க மூடியைக் கழற்றவே இல்லை. "ஒன்பது வருஷ மெஷின் மேடம், இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசா வாங்கிடுங்க. எக்ஸ்சேஞ்சில் போட்டுடலாம்" என்றார். வந்து பார்த்ததற்கான கட்டணத்துக்கு ரசீது எழுதும்போது புது மாடல் ஒன்றின் விளக்கத் தாளையும் சேர்த்துக் கொடுத்தார். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எனக்கு, அந்தத் தாளில் அச்சிட்டிருந்த விலையை மனதுக்குள் சொற்களாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஒரு நடுத்தர நாவலை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

கரோல் பாக்கில் ஒரு சந்து. மிக்ஸி ஜார், கிரைண்டர் பெல்ட், வாஷிங் மெஷின் சாமான்கள் என்று ஆணியில் தொங்கும் ஒரு கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மெஷின் என்ன கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. "சத்தம் எப்படி இருக்கு, போட்டுக் காட்டுங்க பஹன்ஜி" என்று என் வாயாலேயே ஒலிக்கச் சொன்னார். கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் முன்னால் நான் கரகரவென்று செய்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கடையில் அதுதான் பாஷை.

பிறகு கேள்விகள். தொடக்கத்தில் மட்டும் கத்துகிறதா, முழு வேகத்திலுமா? துணி இல்லாமல் ஓட்டினாலும் வருகிறதா? மூடியைத் திறந்ததும் உடனே நிற்கிறதா? கீழே தண்ணீர் சொட்டுகிறதா? எரிந்த ரப்பர் வாடை உண்டா?

அந்தக் கேள்விகளின் பின்னால் இருந்த கணக்கை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற ஒழுங்கு அதில் இருந்தது. பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

தொடக்கத்தில் தடதடவென்று ஆடிவிட்டு, வேகம் பிடித்ததும் அடங்கினால் நோய் மெஷினில் இல்லை, துணியை அடுக்கியதில் இருக்கிறது. தொட்டியின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் துணியை நிமிடத்துக்கு 1,350 முறை சுற்றினால் அதன் மீது செயல்படும் விசை அதன் எடையைப் போல 200 மடங்கு. ஒரு பக்கம் 100 கிராம் கூடுதலாக இருந்தால்கூட 20 கிலோ கல்லைக் கட்டிச் சுழற்றுகிற மாதிரி. கனத்த விரிப்பை ஒற்றையாகப் போட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதை வளையமாகச் சுருட்டிப் போட்டு, இடைவெளியில் துண்டு ஒன்றைச் செருகி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை அழுத்தி வைக்க வேண்டும். அந்தத் தட்டைத்தான் பெரும்பாலான வீடுகளில் முதல் மாதமே தொலைத்துவிடுகிறோம்.

ஆட்டம் ஏன் தொடக்கத்தில் அதிகம்? ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னத் தள்ளலே உயரத் தூக்கிவிடும். மோட்டாரும் தொட்டியும் மூன்று ஸ்பிரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தத் தாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும் அந்தச் சில நொடிகளில்தான் மெஷின் சாமியாடுகிறது. முழு வேகத்திலும் ஆடிச் சுவரில் இடித்தால் ஸ்பிரிங்கோ அதன் ரப்பரோ போயிருக்கும்.

மூடியை மூடினால் ஒரு கம்பி இழுபட்டு பிரேக் விலகும். திறந்தால் பிரேக் பிடிக்கும். கம்பி தளர்ந்துவிட்டால் பிரேக் கட்டை முழுக்க விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். கிறீச்சென்ற சத்தமும் கருகிய வாடையும் வந்தால் அதுதான். உம்மென்று முனகிவிட்டுத் தொட்டி சுற்றாமலே இருந்தால் கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். சலங்கை மாதிரி குலுங்கினால், சட்டைப் பையிலிருந்து விழுந்த ஒரு ரூபாய் நாணயமோ உள்ளாடைக் கொக்கியோ இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் மாட்டியிருக்கும்.

துணி இல்லாமலும் கத்துகிறது, வேகத்தோடு கூடுகிறது, கீழே ஈரம் இருக்கிறது என்று நான் சொன்ன பதில்களைக் கேட்டுவிட்டு, "பெல்லோ" என்றார். ஆனால் சாமானை எடுத்துத் தரவில்லை. "பழசைக் கழற்றிக்கொண்டு வாங்க. பத்து அளவு இருக்கு. போட்டோவில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளைத் தொடக் கூடாது என்பது கடைக்காரரின் கட்டளை. வடிகால் குழாயைக் கீழே தாழ்த்தி மிச்சத் தண்ணீரை வெளியேற்றினோம். பின்பக்க மூடிக்கு எட்டு ஸ்குரூ. என் கணவர் டார்ச் பிடித்தார். அம்மா உள்ளறைக் கட்டிலிலிருந்தே, "ஸ்குரூவெல்லாம் ஒரு கிண்ணத்துல போடுங்கோ, உருண்டு போயிடும்" என்று மேற்பார்வை செய்தார்.

மூடியை எடுத்ததும் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. டிரையர் மோட்டாரின் தலையில் செம்பழுப்பு நிறத்தில் துரு, ஒரு பக்கமாக வழிந்து இறங்கியிருந்தது. மேலேயிருந்து பல மாதங்களாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. மேல் மூடியைச் சாத்தி பிரேக்கை விலக்கிவிட்டு, பின்னாலிருந்து கையால் சுற்றினேன். கரகரப்பு விரலில் தெரிந்தது. பிறகு மோட்டாரையும் தொட்டியின் அச்சையும் இணைக்கும் கப்ளிங்கின் நட்டுகளைக் கழற்றி, தொட்டியை மேலே தூக்கி எடுத்துவிட்டு, மோட்டாரைத் தனியாகச் சுற்றினோம். சத்தமே இல்லை. வழுக்கிக்கொண்டு சுற்றியது. மோட்டார் பிழைத்திருந்தது.

தொட்டியின் அடியில், அச்சு வெளியே வரும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர். அதன் நடுவில் ஒரு சின்ன உலோக வளையம். தொட்டி எந்தப் பக்கம் ஆடினாலும் ரப்பர் மடிப்புகள் சேர்ந்து வளைந்து கொடுக்கும்; தண்ணீரை மோட்டார் பக்கம் விடாது. எங்கள் வீட்டு ரப்பரில் இரண்டாவது மடிப்பு கிழிந்திருந்தது. நடு வளையம் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. அதற்குள் அச்சு தள்ளாடிக்கொண்டு உரசியதுதான் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கிறது.

கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் பெயர் எனக்கு விளங்கியது. பெல்லோ என்பது ஆங்கிலத்து பெல்லோஸ். பெல்லோஸ் என்றால் துருத்தி. கொல்லன் உலையில் காற்று ஊதுகிற, மடிப்பு வைத்த தோல் பை. தில்லி மெக்கானிக்கின் வாயில் ஒரு எழுத்து உதிர்ந்து பெல்லோவாகியிருக்கிறது. குறுந்தொகையின் 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் ஒரு துருத்தியைச் சொல்கிறார். ஏழு ஊருக்கும் பொதுவாக ஒரே ஊரில் அமைந்த உலை. அதன் துருத்திக்கு ஓய்வே கிடையாது. பிரிவில் வருந்தும் பெண்ணின் நெஞ்சுக்கு அது உவமை. எம்.ஏ. வகுப்பில் அந்தப் பாட்டைப் படித்தபோது எனக்குப் பெண்தான் தெரிந்தாள். இப்போது ஏழு ஊருக்கு ஒரே கொல்லன் என்ற செய்தி கண்ணில் பட்டது. கரோல் பாக் சந்துக்கு மெட்ரோவில் வருகிறவர்கள் ஏழு காலனிகளுக்குக் குறையாது.

பழையதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணியிலிருந்து புதியதை எடுத்தார். 180 ரூபாய். வளையத்தில் தடவ ஒரு துளி கிரீஸைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. "கப்ளிங் நட்டு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முடுக்குங்க. ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் அச்சு கோணிக்கும்" என்றார். அன்று மாலைக்குள் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. மெஷினின் நான்கு காலுக்கும் கனத்த ரப்பர் துண்டு வைத்தோம். மிச்ச அதிர்வு தரை வழியாகக் கீழே இறங்காமல் இருக்க.

ஓடவிட்டபோது சீரான ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. முடிந்ததா, ஓடுகிறதா என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அன்று ராத்திரி மாத்திரைக்கு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

180 ரூபாய் சாமானுக்காக ஒரு முழு மெஷினைத் தூக்கி எறியச் சொல்வது அந்தச் சர்வீஸ் ஆளின் தனிப்பட்ட குணம் என்று நான் நினைக்கவில்லை. மூடியைத் திறக்க அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. மெஷினோடு வந்த சிறு புத்தகத்திலும் உள்ளே இருப்பது எதற்கும் படம் கிடையாது. ஈரக் கையால் தொடாதே, குழந்தைகளை விலக்கி வை, பழுதானால் கம்பெனியை அழை. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் துருத்திக்குப் பெயர்கூட இல்லை. பெயர் தெரியாத பொருளைக் கடையில் எப்படிக் கேட்பது?

இது அரசுக்கும் தெரியாமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் சரிசெய்வார்கள் என்பதையெல்லாம் கம்பெனிகள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது நோக்கம். பிரான்சில் 2021இல் ஒரு படி மேலே போய், ஒரு பொருளைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச் சீட்டின் பக்கத்திலேயே காட்ட வைத்தார்கள். முதல் பட்டியலில் வாஷிங் மெஷினும் இருந்தது. கடையில் நிற்கும்போதே அந்த எண் கண்ணில் பட்டால் வாங்குகிறவரின் யோசனை மாறும்.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்த மெஷின் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் பட்டியலில் வாஷிங் மெஷின் உண்டு. முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விதி அப்படி. எங்கள் மயூர் விஹாரிலிருந்து அதிக தூரமில்லாத சீலம்பூருக்குப் போனால் நடைமுறையைப் பார்க்கலாம். சுத்தியலும் உளியுமாக, கையுறைகூட இல்லாமல், மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்தெடுக்கும் மனிதர்கள். எங்கள் மோட்டார் நன்றாகவே இருந்தது. அதையும் அங்கே உடைத்திருப்பார்கள்.

எல்லாப் பழுதையும் வீட்டில் பார்க்கலாம் என்று சொல்ல வரவில்லை. மோட்டார் கம்பி எரிந்திருந்தாலோ, மெஷினைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ தெரிந்த மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் ஒரு சத்தம் கேட்டால் அது எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்துவைக்க யாராலும் முடியும். அந்தக் குறிப்போடு போனால் மெக்கானிக் உங்களை நடத்தும் விதமே வேறாக இருக்கும்.

பின்பக்க மூடியைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்னால் அதன் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் மூன்று வரி எழுதினேன். பெல்லோ மாற்றிய தேதி, அதன் அளவு, நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கவும் என்ற குறிப்பு. தமிழில் எழுதத்தான் கை போனது. அடுத்து அந்த மூடியைத் திறக்கப்போவது அநேகமாக தில்லி மெக்கானிக் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஹிந்தியில் எழுதினேன். துருத்தி என்பதற்கு ஹிந்தியில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் கரோல் பாக்கில் சொல்வது போல பெல்லோ என்றே போட்டேன்.